அரை அட்சரம் முன்னால்

கத்திப்பாராவில் ஏறுவதற்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது, மேம்பாலத்துக்குக் கீழே லாரி ஒன்று குறுக்கே படுத்துவிட்டதாம், பக்கத்து ஆட்டோக்காரர் சொல்லிவிட்டு இன்ஜினை அணைத்தார், ஆட்டோக்காரரே அணைத்துவிட்டால் அரை மணிக்குக் குறையாது, இப்போது மணி மூன்று பத்து, எழும்பூரில் ஐந்து மணிக்குக் கச்சேரி, நாலு மணிக்கு மைக் சரிபார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள், டிரம்ஸ்காரனும் சாக்ஸபோன்காரனும் இரண்டு மணிக்கே போய் உட்கார்ந்து சமோசா தின்று கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கென்ன, அவர்கள் தாம்பரத்திலிருந்து ஒரு டபுள் பேஸையும் ஓர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. டபுள் பேஸ் எங்கள் பேஸ்காரன் ரோலண்டுடையது, ஆளுயர வயலின் மாதிரி இருக்கும். பின் சீட்டை மடக்கி அதைப் படுக்க வைத்திருக்கிறோம், அதன் கழுத்து எனக்கும் ரோலண்டுக்கும் நடுவே முன்னால் நீண்டு கியரைத் தொடுகிறது, கியர் மாற்றும்போதெல்லாம் முழங்கை அதில் இடிக்கிறது, இடித்தால் ரோலண்ட் "பாத்து மனோ, பாத்து" என்கிறான், என் முழங்கையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பேஸின் வயிற்றுக்குப் பக்கத்தில், மடக்காமல் விட்ட ஒற்றை சீட்டில், அம்மா. மடியில் கைப்பை, கைப்பைக்குள் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் தட்டை. "புனித ஆரோக்கியம் ஆட்டோ ஒர்க்ஸ்" என்று வாசிக்கிறாள். "இங்கு சகலவிதமான சீட் கவர்களும் தைக்கப்படும்." தாம்பரத்திலிருந்து ஒரு போர்டை விடவில்லை. எழுபத்து மூன்று வயதில் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடிகிறது என்று எனக்குக் காட்டுகிறாளா, இல்லை வேறு எதையோ பேசாமல் இருப்பதற்காக இதைப் பேசுகிறாளா தெரியவில்லை, தெரியவும் வேண்டாம், எனக்குக் கவலைப்பட என் இசைத்தாளின் பதினோராவது பார் போதும்.

பதினோராவது பார், பதினோராவது தாளக் கட்டம். நாலு மாதமாக என்னைத் தின்கிறது. மற்ற எட்டுப் பாட்டும் வந்துவிட்டன, கடம்பங்குடி வைத்தியலிங்கம் செத்து நூற்று முப்பது வருஷம் ஆகிறது, அவருடைய ஒன்பது பாட்டை எடுத்து பியானோ, பேஸ், சாக்ஸபோன், டிரம்ஸ் என்று நாலு பேர் ஜாஸ் வாசிக்கிறோம் என்றால் உடனே எல்லாரும் ஃப்யூஷனா என்கிறார்கள், இல்லை ஐயா, ஃப்யூஷன் இல்லை, மிருதங்கத்துக்குப் பின்னால் கிடாரைப் போட்டுக் கைதட்டு வாங்குகிற வேலை இல்லை இது, ஆனால் யாருக்கு விளக்குவது, அன்றைக்கு ரேடியோவிலிருந்து பேட்டி எடுக்க வந்த பெண்கூட கடைசியில் "ஆக, கிழக்கும் மேற்கும் கைகுலுக்குது" என்று முடித்துவிட்டுப் போனாள். பியானோவில் கமகம் வராது. கட்டையை அழுத்தினால் ஸ்வரம் ஆணி அடித்ததுபோல நிற்கும், அசையாது, வளையாது. அதனால் நான் ஸ்வரத்தை அசைப்பதில்லை, அதற்குக் கீழே இருக்கிற தரையை அசைக்கிறேன், மேலே அதே மத்யமம் நிற்கும், கீழே இடது கை இரண்டு மூன்று தடவை இடம் மாறும், மாறும்போது அந்த மத்யமம் தானே அசைவதுபோலக் காதுக்குத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினெட்டு வருஷம் ஆனது. எட்டுப் பாட்டில் வேலை செய்கிறது. ஒன்பதாவதில், நாட்டக்குறிஞ்சியில், சரணத்தின் மூன்றாவது வரியில், அதுதான் அந்தப் பதினோராவது பார், மத்யமத்தில் நின்றுகொண்டு, நிஷாதத்தையும் தைவதத்தையும் தொடாமல், ஒரே தாவலில் மேல் ஸட்ஜத்துக்குப் போகிறார் கிழவர், அந்த ராகத்தில் யாரும் அப்படிப் போக மாட்டார்கள், கிழவர் போகிறார், ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில், கும்பகோணம் பக்கத்தில் ஏதோ வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக உட்கார்ந்துகொண்டு. அந்தத் தாவலைப் பார்த்துத்தான் இந்த முழுக் கச்சேரியே எனக்குத் தோன்றியது. கச்சேரிக்குப் புத்தகம் ஒன்று அச்சடித்திருக்கிறோம், அதில் அந்தத் தாவலைப் பற்றி மட்டும் முழுசாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், 'ஜாஸ் பிறப்பதற்கு முன்பே ஜாஸ் மனம் கொண்டிருந்தவர்' என்றுகூட ஒரு வரி, எழுதும்போதே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் அடிக்காமல் விட்டுவிட்டேன். எழுதிவிட்டேன், ஆனால் வாசிக்க வரவில்லை. தாளத்தின் தொடக்கத்தில் சரியாகப் போய் உட்கார்கிறது, ஸ்வரப் புத்தகத்தில் அச்சிட்டிருப்பதுபோலத்தான் வாசிக்கிறேன், ஆனால் செத்துக் கிடக்கிறது, தாவியதுபோல இல்லை, லிஃப்டில் ஏறியதுபோல இருக்கிறது. ரோலண்ட் முப்பது வருஷம் சினிமா ஸ்டூடியோக்களில் வாசித்தவன், பெரம்பூர்க்காரன், எதையும் நேராகச் சொல்கிறவன், அவனே "எல்லாம் கரெக்டாதான் கீது, அதான் பிராப்ளம்" என்றான்.

முன்னால் பைக்குகள் நடைபாதையில் ஏறுகின்றன. ஓர் அடி நகர்ந்தோம். முழங்கை இடித்தது. "பாத்து மனோ." பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், முன்னால் போகிற வேனின் பின்பக்கத்தைத் தவிர வேறு எதைப் பார்க்கிறேன். ஏசி வேலை செய்யவில்லை, பேஸின் மரத்துக்கு வெயில் ஆகாது என்று ரோலண்ட் தன் சட்டை ஒன்றை அதன்மேல் போர்த்தியிருக்கிறான், அந்தச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து அம்மா விசிறிக்கொள்கிறாள். இவளை ஏன் அழைத்து வந்தேன். நான் அழைக்கவில்லை, அவளாகத்தான் நேற்று ராத்திரி சாப்பிடும்போது "நானும் வரேன்" என்றாள், எனக்குக் கையிலிருந்த தோசை வாய்க்குப் போகவில்லை, ஏனென்றால் இந்த நாலு மாதத்தில் இந்தப் பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறாளா, இல்லை. திருச்சி ரேடியோவில் இருபத்தாறு வருஷம் பாடினவள். கடம்பங்குடியார் பாட்டென்றால் சுலோசனா என்று ஒரு காலத்தில் சொல்வார்களாம். எனக்குத் தேவமனோகரி என்று ராகத்தின் பேரை வைத்து, பள்ளிக்கூடத்தில் என்னை அழவைத்தவள். நான் பியானோ பக்கம் போனபோதுகூடத் தடுக்கவில்லை, "உனக்குப் பிடிச்சதைச் செய்" என்றாள், அந்த மாதிரி அம்மாக்களிடம் சண்டை போடக்கூட முடியாது. ஆனால் இந்த நாலு மாதம், நான் ஹாலில் நாட்டக்குறிஞ்சியை எடுப்பேன், பல்லவி போகும், அனுபல்லவி போகும், சரணம் இரண்டு வரி போகும், மூன்றாவது வரி வந்ததும் சமையலறையில் மிக்ஸி ஓடும். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். பத்தாவது தடவை எழுந்து போய்ப் பார்த்தேன், ஜாரில் ஒன்றும் இல்லை, காலி ஜார், கையை மூடிமேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். "என்னம்மா அரைக்கறே?" என்றேன். "கழுவினேன், தண்ணி போக ஓட விட்டேன்" என்றாள். அவ்வளவு வெறுப்பா. பெரிய பாட்டைக் கெடுக்கிறேன் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே, இணையத்தில் எவனோ ஒருவன் எழுதினான், கிழவரின் எலும்பை எடுத்து டிரம்ஸ் குச்சியாக்கிவிட்டார்கள் என்று, அவனுக்கு இருக்கிற நேர்மை உனக்கு இல்லையா. அல்லது, இதுதான் ராத்திரியில் வருகிற பயம், அவள் காதுக்குப் படுவதுதான் சரியோ, எனக்கு இரண்டு பக்கமும் இல்லையோ, பாட்டுக்காரர்களுக்கு நான் பாட்டைக் கெடுத்தவள், ஜாஸ்காரர்களுக்கு ஜாஸ் தெரியாதவள், நாற்பத்தாறு வயதில் ஒரு தாவலைத் தாவ வைக்கத் தெரியாமல் கத்திப்பாராவில் நிற்கிறவள்.

"மனோ" என்றாள் அம்மா. போர்டு வாசிக்கிற குரல் இல்லை. "அந்த நாட்டக்குறிஞ்சியை இன்னிக்கு விட்டுடேன். மத்த எட்டும் வாசி. எட்டு போதும்." எனக்கு ஸ்டியரிங்மேல் தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, மூன்றரை மணிக்குச் சொல்கிறாள், கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது. "ஏன்?" என்றேன். "சும்மாதான்." "சும்மான்னா?" "நல்லால்ல." "எது நல்லால்ல, நான் வாசிக்கறது நல்லால்லையா, பியானோ நல்லால்லையா, ஜாஸே நல்லால்லையா, சொல்லேன், காலி மிக்ஸியை ஓட்டறதுக்குப் பதிலா வாயைத் திறந்து சொல்லேன்." ரோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் நிறுத்தவில்லை, நாலு மாதம் சேர்த்து வைத்தது, இந்த வெயிலில், இந்த வேனின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தது, "நீ பாடினதைவிட நான் ஒண்ணும் கெடுத்துடலை, அவர் எழுதினதை எழுதினபடி எடுத்துத்தான் வாசிக்கறேன், அந்த ம-விலிருந்து ஸ-வுக்குப் போற இடம் ஒண்ணுக்காகவே இந்தப் பாட்டை எடுத்தேன், உலகத்துல எவனும் அப்படிப் போட்டதில்லை, அதையே விடச் சொல்றே." அம்மா டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "அது அவர் போட்டதில்லைடி" என்றாள். "நான் போட்டது."

எந்த வண்டியோ ஹாரன் அடித்தது. "என்ன?" என்றேன். "எண்பத்து மூணு. ஆகஸ்ட் மாசம். நேரடி ஒலிபரப்பு, அரை மணி நேரம். மூணாவது வரியை மறந்துட்டேன். வரி வரலை. வாய்ல ஒண்ணும் இல்லை. மத்யமத்துல நின்னுக்கிட்டே இருக்கேன், வயலின்காரர் என்னைப் பாக்கறார், தாளம் வந்துக்கிட்டு இருக்கு, அடுத்த வரியோட முதல் எழுத்து மட்டும் ஞாபகம் வந்துச்சு, அது மேல் ஸட்ஜம், குதிச்சுட்டேன். வரியையே முழுங்கிட்டுக் குதிச்சேன். வெளியே வந்ததும் டூட்டி ஆபீசர், அம்மா பிரமாதம், கடைசியில போட்டீங்களே ஒரு போடுன்னாரு. மறந்துட்டேன்னு சொல்லலை. சொல்லியிருக்கணும். சொல்லலை." அவள் நிறுத்தாமல் சொன்னாள், போர்டு வாசிப்பதுபோலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல். "அப்புறம் கதிரேசன்னு ஒரு பேராசிரியர், தஞ்சாவூர்ல, கடம்பங்குடியார் பாட்டெல்லாம் திரட்டிப் புத்தகம் போட்டார். என் பாட்டை ரேடியோவுல கேட்டுத்தான் அந்தப் பாட்டுக்கு ஸ்வரம் எழுதினார், சுத்தமான பாடம் சுலோசனா அம்மாகிட்டதான் இருக்குன்னு முன்னுரையில வேற போட்டுட்டார். புத்தகம் வந்து வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினார். பிரிச்சுப் பாத்தா, நான் முழுங்கின வரி இல்லை, நான் குதிச்ச குதி இருக்கு. அதுக்கப்புறம் பாடினவங்க எல்லாம் அப்படித்தான் பாடறாங்க. இப்ப நீ அவருக்கு என்னமோ மனம்னு ஒரு பக்கம் எழுதியிருக்கே. என் மறதியை." ரோலண்ட் மெல்ல, யாருக்கும் கேட்காத குரலில், "ஜீசஸ்" என்றான்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு இல்லை, இரக்கமும் இல்லை, எரிச்சல்தான், சுத்தமான எரிச்சல், என் கச்சேரிப் புத்தகம் முந்நூறு பிரதி அச்சாகி எழும்பூரில் மேஜைமேல் அடுக்கியிருக்கிறது, அதில் என் பேரில் ஒரு பக்கம் பொய் இருக்கிறது, கிழவர் நாட்டக்குறிஞ்சியில் எல்லாரும் ஏறுவதுபோலத்தான் ஏறியிருக்கிறார், அவருக்கு ஜாஸ் மனமும் இல்லை ஒன்றும் இல்லை, இதை நாலு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம், நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம், கத்திப்பாராவில் சொல்கிறாள். "ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை?" "யார்கிட்ட சொல்றது? உங்கப்பாகிட்டகூட சொல்லலை." அப்பா செத்துப் பதினொரு வருஷம். அவரிடம்கூடச் சொல்லாததை ரோலண்ட் எதிரில் சொல்கிறாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன், காது ரெண்டும் சிவந்திருந்தன, திட்டு வாங்கப்போகிற பிள்ளைபோல டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தாள், மிக்ஸி மூடியையும் இப்படித்தான் பிடித்திருந்தாள், அப்படியென்றால் அது வெறுப்பு இல்லை, அவள் தப்பை நான் தினமும் எட்டு தடவை பத்து தடவை ஹாலில் வைத்து வாசித்திருக்கிறேன், அதற்குப் புது ஜோடனை செய்து, மெதுவாக, திரும்பத் திரும்ப. கடவுளே. "அவர் போட்டது எப்படி இருக்கும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "மறப்பேனா. ஸ்டூடியோ வாசல் தாண்டறதுக்குள்ள ஞாபகம் வந்துருச்சு" என்றாள், அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. பிறகு பாடினாள். முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு, சன்னமாக, மத்யமத்திலிருந்து நிஷாதம், தைவதம், மறுபடி நிஷாதம், மேல் ஸட்ஜம், ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து ஏறுகிற மாதிரி, அழகாக இருந்தது, ரொம்ப அழகாக இருந்தது, எனக்கு அதில் வேலையே இல்லை, அது முடிந்துபோன அழகு. "இப்ப நீ குதிச்சதைப் பாடு" என்றேன். "வேணாம்." "பாடும்மா." ரோலண்ட் பேஸின் கழுத்தில் விரலை வைத்துத் தாளத்துக்குத் தட்டிக் கொடுத்தான். அவள் மத்யமத்தில் நின்றாள், நின்றாள், நான் அடுத்த தட்டுக்குக் காத்திருந்தேன், தட்டு வருவதற்கு முன்னாலேயே மேலே போய் விழுந்துவிட்டாள். அரை அட்சரம், அரைத் தட்டு, முன்னால். தட்டு அவளுக்குப் பின்னால் வந்தது. ரோலண்ட் விரலை எடுத்துவிட்டான். "ஏய்" என்றான். "மனோ, அது சீக்கிரம் வருது."

"பயத்துல போனது அப்படித்தானே வரும்" என்றாள் அம்மா, அலுத்துக்கொண்டு, "புத்தகத்துல கதிரேசன் அதைத் தாளத்துக்குச் சரியா உக்கார வெச்சுட்டார். எல்லாரும் நிதானமா நாற்காலி போட்டு ஏறி உக்கார்றீங்க. நீயும்தான். அதையாவது ஒழுங்கா வாசிச்சா சும்மா இருந்திருப்பேன், நீ அதைப் பெருமையா வேற வாசிக்கறே, கேக்க முடியலை." பின்னால் நாலைந்து ஹாரன் ஒரே நேரத்தில் அலறின, முன்னால் வேன் போய் ரொம்ப நேரம் ஆகியிருக்கிறது, எங்களுக்கு முன்னால் இருபது அடி ரோடு காலியாகக் கிடக்கிறது, ஆட்டோக்காரர் கடந்து போகும்போது கையை விரித்து என்னமோ கேட்டார், நல்ல வார்த்தை இல்லை.

சின்னமலை, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை என்று எல்லா சிக்னலிலும் சண்டை போட்டுக்கொண்டே போனோம். மேடையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லக் கூடாது என்றாள். பொய்யாக அச்சடித்ததை அப்படியே விற்க முடியாது என்றேன். பாட்டை விட்டுவிடு, எட்டு போதும் என்று மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தாள். இனிமேல் விட முடியாது என்றேன், இப்போதுதான் அது எப்படி என்று தெரிந்திருக்கிறது. "என் பேரைச் சொன்னே, எழுந்து போயிடுவேன்" என்றாள். "போ" என்றேன். ஆனந்த் தியேட்டர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ரோலண்ட், "ஆன்ட்டி, ஒரு தட்டை குடுங்க" என்றான், கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை.

நாலு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்து, மைக்கைச் சரியாகப் பார்க்காமலே உட்கார்ந்து, நாலு பாட்டு வாசித்தோம், நன்றாகத்தான் போனது. நாட்டக்குறிஞ்சியை இடைவேளைக்கு முன்னால் வைத்திருந்தேன். மைக்கைக் கையில் எடுத்ததும் அம்மா மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்வது தெரிந்தது. சுருக்கமாகச் சொன்னேன். புத்தகத்தில் பதினான்காம் பக்கம் தப்பு, அங்கே வருகிற தாவல் கடம்பங்குடியாருடையது இல்லை, திருச்சி வானொலிப் பாடகி சுலோசனா வரியை மறந்துபோன ஒரு நொடியில் போட்டது, அவர் என் அம்மா, இங்கேதான் இருக்கிறார். யாரோ கைதட்டினார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா எழுந்தாள், கைப்பையைத் தோளில் மாட்டினாள், வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டித் தாண்டிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். போ, போயேன், சொல்லிவிட்டுத்தானே செய்தாய், நானும் சொல்லிவிட்டுத்தானே செய்தேன், இரண்டு பேரும் சொன்னதைச் செய்கிறவர்கள், என்ன குடும்பம் இது. ஆரம்பித்தேன். மூன்றாவது வரி வந்தது, மத்யமத்தில் நின்றேன், முன்னாலேயே போக வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போனேன், எண்ணிப் போனது எண்ணிப் போனதாகவே விழுந்தது, சரியான இடத்தில், சரியாக அரை அட்சரம் முன்னால், உயிரில்லாமல். பிறகு சாக்ஸபோன்காரன் தன் ஆவர்த்தனங்களை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான், ரோலண்ட் அவன் பின்னால் போனான், நான் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ரோடு தெரியாத ஊரில் தனியாக நிற்கிறாளே, மாத்திரையைக் காரிலேயே விட்டுவிட்டோமா, இந்தப் புழுக்கத்தில் மயக்கம் வந்தால், அப்போது பாட்டு மறுபடி சரணத்துக்கு வந்துவிட்டது, எனக்குத் தெரியாமலே வந்துவிட்டது, எந்த வரியில் இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை, கை மத்யமத்தில் நிற்கிறது, டிரம்ஸ்காரன் என்னைப் பார்க்கிறான், தாளம் வந்துகொண்டிருக்கிறது, மேல் ஸட்ஜத்தில் போய் விழுந்தேன். கீழே இடது கை எங்கே போனது என்று எனக்கே தெரியாது. ரோலண்ட் பேஸை விட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், வாசிப்பதை நிறுத்தாமல்.

இடைவேளைக்கு மணி அடித்ததும் ஓடினேன். மேடைக்குப் பின்னால் போகிற தாழ்வாரத்தில், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மைக்செட்காரர் ஒருவர் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்திருந்தார். "எழுந்து போயிட்டியே" என்றேன், மூச்சு வாங்கியது. "அத்தனை பேரும் திரும்பினதும் பாத்ரூம் வந்துருச்சு, என்ன பண்ணச் சொல்றே" என்றாள். பிறகு காபியைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாவது தரம் சரியா இருந்துச்சு" என்றாள். "முதல் தரம்?" "முதல் தரம் நீ பயப்படலை." போனை நீட்டினாள், எழுத்து சின்னதாக இருக்கிறது, தேடிக் கொடு என்றாள், கண்ணாடி இல்லாமல் சீட் கவர் போர்டு வரைக்கும் வாசித்தவள். "யாரை?" "கதிரேசனை. கே-வுல இருக்கும். தொண்ணூறு வயசாச்சு, இருக்காரோ என்னமோ." இருந்தார். நாலாவது மணியில் யாரோ எடுத்து அவரிடம் கொடுத்தார்கள். "ஐயா, வணக்கம், நான் சுலோசனா பேசறேன், திருச்சி ரேடியோ சுலோசனா. நல்லா இருக்கேங்க. உங்க புத்தகத்துல நாட்டக்குறிஞ்சியில ஒரு திருத்தம் இருக்கு. ஆமாங்க, இப்பத்தான். பேனா இருக்கா? எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நான் இருக்கேன்." இரண்டாம் பாதிக்கு மணி அடித்தது. ரோலண்ட் வாசலிலிருந்து கையைக் காட்டினான். நான் மேடைக்குத் திரும்பி நடந்தேன், எனக்குப் பின்னால், தண்ணீர் கேன்களுக்கு நடுவில், அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வரியை எடுத்தாள், படிப்படியாக, மத்யமம், நிஷாதம், தைவதம், முழு வரியும், ஓர் எழுத்தையும் முழுங்காமல். கொஞ்சம் நிறுத்தினாள். "எழுதிட்டீங்களா? இது அவரோடது" என்றாள். "இப்ப என்னோடதைச் சொல்றேன், அதையும் பக்கத்துல எழுதிக்கங்க."